விளக்கணைத்த வீடுகள்

திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரம் கடந்ததும் நம் ஊர்த் தெருக்களில் இரவு நேரத்தில் மேளச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். இளைஞர்கள் ஒரு குழுவாய்த் திரண்டு, செவ்வங்கியும் வெண்தாடியும் தரித்த கிறிஸ்துமஸ் தாத்தாவை முன்னே விட்டு, வீடு வீடாகச் சென்று பாலன் இயேசுவின் பிறப்பைப் பாடி அறிவிப்பர். முன்னாளில் அவர்களோடு ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஆர்மோனியப் பெட்டியும் வரும். இப்பொழுது ஒலிபெருக்கி கட்டிய சிறு வண்டி வருகிறது. சிறுவர்கள் தாத்தாவின் தாடியைப் பிடித்து இழுப்பதும், பாட்டிமார் வாசற்படியில் வந்து நின்று கைகூப்புவதும் மட்டும் மாறவில்லை. பாட்டு முடிந்ததும் உண்டியல் நீளும். வீட்டார் தம்மால் இயன்றதை இடுவர். கூட்டம் அடுத்த வாசலுக்கு நகரும்.

இந்தப் பவனியில் சில வீடுகள் இருண்டு கிடப்பதை நாம் பல ஆண்டுகள் கண்டிருக்கிறோம். உழைத்துக் களைத்தவர்கள் உறங்கிவிட்டார்கள் போலும் என்று எண்ணிக் கடந்து போயிருக்கிறோம். ஒரு முறை காலில் முள் தைத்து, குழுவுக்கு முன்னதாகவே ஒரு தெருத் திண்ணையில் அமர்ந்திருக்க நேர்ந்தது. எதிர் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தெருமுனையில் மேளம் கேட்டது. உடனே உள்ளே யாரோ எழுந்து வந்து கதவைச் சாத்தினார்கள், விளக்கும் அணைந்தது. குழு அந்த வாசலைத் தாண்டியபோது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குழந்தை சிரித்தது. சிரித்த வாயை யாரோ பொத்தினார்கள். உறக்கமன்று அது, உண்டியலில் இடக் கையில் காசில்லை.

மகிழ்ச்சியின் நற்செய்தியைச் சொல்லப் போன நாம், ஒரு வீட்டை விளக்கணைத்து ஒளிந்துகொள்ளச் செய்திருக்கிறோம் என்பது அன்றுதான் உறைத்தது.

நாம் சொல்லும் ஊர் தூத்துக்குடிக்கு அண்மையில், உப்பளங்களை ஒட்டியிருக்கிறது. ஊர்ப்பெயரை வேண்டுமென்றே விடுகிறோம். பெயரைச் சொன்னால் தெருவும், தெருவைச் சொன்னால் வீடும் தெரிந்துவிடும். அதைத் தவிர்ப்பதற்காகவே எழுதப்படும் கட்டுரை இது.

இந்தியாவில் உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழகத்தினுடையது. அதில் பெரும்பங்கு தூத்துக்குடிச் சீமையில் விளைகிறது. கோடை வெயில் எத்துணைக் கடுமையோ அத்துணை நல்லது உப்புக்கு. பொழுது விடியுமுன் பாத்தியில் இறங்கி, கரிக்கும் நீரில் நின்று உப்பு வாரும் ஆண்களும், அதைத் தலைச்சுமையாய்க் கரையேற்றும் பெண்களும் வெயிலை வைவதில்லை. வெயில்தான் அவர்களுக்குச் சோறு. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் மழைநீரில் மூழ்கும். வேலை நின்றுவிடும். மறுபடியும் பாத்தியைச் சீர்செய்து நீர் பாய்ச்சத் தை பிறக்க வேண்டும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதமும் கூலி இல்லை.

விழாக்களோ அந்த மூன்று மாதத்தில்தான் வந்து சேர்கின்றன. தீபாவளியும் அப்பொழுதே, கிறிஸ்து பிறப்பும் அப்பொழுதே. டிசம்பர் பிறந்துவிட்டால் நம் ஊர் அடகுக் கடைக்குப் பித்தளைக் குடங்களும் அண்டாக்களும் போய்ச் சேரும். காதில் கிடக்கும் பொட்டுத் தங்கம் போகும். 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு இம்மழைக்கால வேலையிழப்பை முன்னிட்டு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. நெடுநாள் கேட்டுப் பெற்ற உதவி அது; நன்றியோடு குறிப்பிடுகிறோம். ஆயினும் மூன்று மாதக் கூலிக்கு அது ஈடாகாது என்பதைச் சொல்லாமல் விடவும் இயலவில்லை.

இனி நம் பிழையைச் சொல்ல வேண்டும். 2006ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பங்கில் ஓர் உதவிக் குழு அமைந்தது. அதில் நாமும் ஓர் உறுப்பினர். நன்கொடை நிறையச் சேர்ந்தது. நாற்பது சேலைகள் வாங்கினோம். கோவில் முற்றத்தில் மேடை போட்டோம், பட்டியல் தயாரித்தோம், நகரிலிருந்து சிறப்பு விருந்தினர் ஒருவரையும் புகைப்படக்காரரையும் அழைத்தோம். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராக அழைக்க, ஒவ்வொருவராக மேடையேறிச் சேலை வாங்கினர். விருந்தினர் படமெடுக்க வசதியாகச் சேலையைச் சற்று நேரம் கொடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். அப்பொழுது அது நமக்குத் தவறாகத் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.

ஒரு கைம்பெண்ணின் பெயர் மூன்று முறை அழைக்கப்பட்டது. அவர் எழவில்லை. கடைசியில் அவருடைய பத்து வயது மகன் ஓடிவந்து மேடையேறி, சேலையை வாங்கிக்கொண்டு, ஒருவரையும் பாராமல் இறங்கி ஓடினான். கூட்டத்தில் சிலர் சிரித்தனர். சிரிப்பில் தீங்கொன்றும் இல்லை. சிறுவனின் ஓட்டம் அப்படியிருந்தது.

அதன்பின் அந்த அம்மையாரை ஞாயிறு திருப்பலியில் காணோம். மூன்று கிலோமீட்டர் நடந்து அடுத்த பங்கின் அதிகாலைத் திருப்பலிக்குப் போகிறார் என்று பிறகு தெரிந்தது. பங்குத் தந்தை சொல்ல, நாம் அவர் வீட்டுக்குச் சென்றோம். பாய் விரித்து அமரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். சேலை, வாங்கிய தாளுறையோடு பெட்டி மேல் அப்படியே இருந்தது.

"சேலையை நான் குறை சொல்லவில்லை ஐயா. பள்ளிக்கூடத்தில் என் பையனுக்கு 'மைக் பயல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவன் இப்போது கோவிலுக்கு வரமாட்டேன் என்கிறான். அவனைத் தனியே விட்டுவிட்டு நான் மட்டும் இங்கே எப்படி வருவேன்?"

நம்மிடம் மறுமொழி இல்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோம்.

பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையில் நாற்பது ஆண்டு உழைத்த முதியவர் ஒருவர் இருந்தார். சைக்கிளை மிதிக்க இயலாத வயதிலும் அதைத் தள்ளிக்கொண்டே தெருத்தெருவாய்ப் போவார். உதவிக் குழுவில் அவரை நாம் சேர்க்கவில்லை; பழைய காலத்து மனிதர் என்று எண்ணிவிட்டோம். நடந்ததை அவரிடம் சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. "வீட்டுக்குப் போயிருந்தால் மேடை வேண்டியிருந்திருக்காதே தம்பி" என்றார். பிறகு தம் சபை தோன்றிய வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். பலமுறை கேட்டதாக நாம் எண்ணியிருந்த வரலாறுதான். அன்று கேட்டது வேறு விதமாக இருந்தது.

1832ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரைக் காலரா தாக்கியது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மடிந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த சந்துகளைச் சேர்ந்தவர்கள். அந்நாளில் பாரிசில் பயின்ற கத்தோலிக்க மாணவர் சிலர் விவாத அவை ஒன்றை நடத்தி, திருச்சபை உலகுக்குச் செய்த நன்மைகளைச் சுவைபடப் பேசி வந்தனர். எதிர்த்தரப்பார் கேட்டனர்: முற்காலத்துப் பெருமை இருக்கட்டும், இன்றைக்கு இந்த நகரத்து ஏழைகளுக்கு நீங்கள் செய்வது என்ன? அவ்வினா பிரடெரிக் ஓசானாம் என்னும் மாணவரை உறுத்தியது. 1833 ஏப்ரல் 23 அன்று ஆறு மாணவர்களும், பத்திரிகை நடத்திவந்த எம்மானுவேல் பாயி என்னும் பெரியவரும் ஒன்றுகூடினர். ஓசானாமுக்கு அன்றுதான் இருபது வயது நிறைந்தது.

உதவ வேண்டும் என்னும் ஆவல் அவர்களுக்கு இருந்தது. எந்த வீட்டுக் கதவைத் தட்டுவதென்று தெரியவில்லை. மூஃப்தார் பகுதியில் பல்லாண்டாக ஏழைகளிடையே பணியாற்றிய சகோதரி ரோசலி ரெந்துவிடம் சென்றனர். அவர் புனித வின்சென்ட் தே பவுல் தோற்றுவித்த பிறரன்புப் புதல்வியர் சபையைச் சேர்ந்தவர். அவரே குடும்பங்களைக் காட்டினார். ரொட்டிக்கும் எரிபொருளுக்குமான சீட்டுகளைக் கொடுத்தனுப்பினார். எவ்வாறு பேச வேண்டும், எவ்வளவு பொறுமை வேண்டும் என்றும் கற்பித்தார். மாணவர்கள் இருவர் இருவராய்ப் படியேறிப் போயினர். தம் குளிர்கால அடுப்புக்கென வைத்திருந்த விறகில் மிஞ்சியதை ஓசானாமும் நண்பர் ஒருவரும் சுமந்துகொண்டு போய் ஏழைக் குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்ததாக வழிவழியே சொல்லப்படுகிறது.

முதியவர் அழுத்திச் சொன்ன நிகழ்ச்சி இன்னொன்று. ஓசானாம் பின்னாளில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மணமுடித்து, மரி என்னும் ஒரே மகளுக்குத் தந்தையுமானார். அந்நாளில் பிரெஞ்சு மக்கள் பரிசில் வழங்கிக்கொண்டது பெரும்பாலும் புத்தாண்டு நாளில்தான். அத்தகைய ஒரு புத்தாண்டுக் காலையில், முன்பு நன்றாக வாழ்ந்து நொடித்துப்போன குடும்பம் ஒன்று தன் பழைய வாழ்வின் கடைசி அடையாளமான இழுப்பறைப் பெட்டியை அடகு வைத்துவிட்டதை அவர் மனைவியிடம் கூறினார். அதை மீட்டுப் பரிசாகக் கொடுக்க விரும்புவதாகவும் சொன்னார். அது தேவையற்ற செலவு என்று மனைவி தக்க காரணம் காட்டித் தடுத்தார், அவரும் இசைந்தார். மாலையில் உற்றாரைக் கண்டு வீடு திரும்பியபோது மகளைச் சுற்றிப் பொம்மைகள் குவிந்து கிடந்தன. இனிப்பை நீட்டினார்கள், அவரால் தொட முடியவில்லை. அந்தப் பெட்டி நெஞ்சை விட்டகலவில்லை. மனைவி அதைக் கண்டு, போய் மீட்டு வாருங்கள் என்றார். பேராசிரியர் அவ்விரவே சென்று பெட்டியை மீட்டு, தாமே உடன்போய் அவ்வீட்டில் சேர்ப்பித்துவிட்டு மலர்ந்த முகத்தோடு திரும்பினார்.

ரொட்டி கொடுத்திருக்கலாம், போர்வை கொடுத்திருக்கலாம். கணக்குப் பார்த்தால் அவையே தேவையானவை. அவர் மீட்டுக் கொடுத்தது அவர்கள் வீட்டுப் பெட்டியை. நம் ஊர் அடகுக் கடையில் அடுக்கியிருக்கும் பித்தளைக் குடங்களை நாம் அன்று நினைத்துக்கொண்டோம்.

ஓசானாம் 1853ஆம் ஆண்டில் நாற்பது வயதில் மறைந்தார். 1997இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பாரிஸ் நகரிலேயே அவரை அருளாளராக உயர்த்தினார். 2003இல் சகோதரி ரோசலியும் அப்பேறு பெற்றார். சபை 1863இலேயே பம்பாய் வழியே இந்தியாவுக்கு வந்துவிட்டது. இன்றும் ஒவ்வொரு கிளைக் கூட்டத்தின் முடிவிலும் ஒரு பை சுற்றிவரும். உறுப்பினர் கையை மூடியவாறே உள்ளே விட்டு, இட விரும்பியதை இட்டு எடுப்பர். எவர் எவ்வளவு இட்டார் என்பது தெரியாது. ஒன்றும் இட இயலாதவரும் கையை விட்டு எடுக்கலாம். இந்தச் சிறு ஏற்பாட்டைக் கண்டவர் எவரோ, நிச்சயம் வறுமை அறிந்தவராய்த்தான் இருப்பார்.

பிற நாட்டாரும் விழாக்காலத்தில் இவ்வழியைத் தேடியிருக்கிறார்கள். அமெரிக்காவில் குழந்தைகள் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எழுதும் கடிதங்கள் முகவரியற்ற குப்பையாய்க் கிடந்தன. 1912ஆம் ஆண்டில் அந்நாட்டு அஞ்சல் துறைத் தலைவர் ஃபிராங்க் ஹிட்ச்காக் அவற்றை ஊழியரும் பொதுமக்களும் பிரித்துப் படித்து மறுமொழி அனுப்ப இசைவளித்தார். உரோமையில் சந்த் எஜிதியோ குழுமத்தார் 1982ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று, திரஸ்தேவரே மரியன்னை பேராலயத்துக்குள்ளேயே மேசையிட்டு, சுமார் இருபது ஏழைகளோடு தாமும் உடனமர்ந்து உண்டார்கள். அந்த விருந்து இன்று பல நாடுகளில் நடக்கிறது. நமக்குப் பிடித்தது, பரிமாறியவர்கள் நின்றுகொண்டிராமல் தாங்களும் அமர்ந்ததுதான்.

நம் ஊருக்கு வருவோம். அடுத்த ஆண்டு மேடை இல்லை, பட்டியலும் இல்லை. பட்டியல் இல்லாமல் எப்படி என்று நாமே வாதிட்டோம். முதியவர், "எந்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாதா?" என்றார். ஒரு தெருவுக்கு இருவர் என்று பெண்களைக் கேட்டுக்கொண்டோம். அவர்கள் தாளில் எழுதவில்லை, மனத்தில் வைத்துக்கொண்டார்கள். பெட்டிக்கடை அண்ணாச்சி கத்தோலிக்கர் அல்லர்; மாலையணிந்து திருச்செந்தூருக்கு நடந்து செல்பவர். அவருடைய பற்று நோட்டைவிட நல்ல பட்டியல் எந்த அலுவலகத்திலும் கிடையாது. அரை லிட்டர் எண்ணெய் வாங்கிய வீடு ஐந்து ரூபாய்க்கு வாங்கத் தொடங்கினால் அவருக்குத் தெரியும். நோட்டை அவர் ஒருவருக்கும் காட்டியதில்லை. "அந்த வேப்பமரத்து வீட்டை விட்டுவிடாதீர்கள்" என்று மட்டும் சொல்வார். முதற்பையின் விலையையும் அவரே தருவார்.

முதலாண்டு நாம் அடுமனைப் பலகாரப் பொட்டலங்களைத்தான் இருபத்து நான்காம் தேதி மாலை கொடுத்தோம். தூத்துக்குடி மக்ரூன்கூட வைத்தோம். முந்திரிப் பருப்பும் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் அந்தப் பண்டத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த குழந்தைகள் வாங்கிச் சுவைப்பதைக் காண நமக்கே ஆசை. எல்லாரும் மகிழ்ந்தனர். ஓர் ஆச்சி மட்டும், நம் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு ராசா. ஆனா வீட்டுல எண்ணெய் வாசம் வரலையே" என்றார்.

அந்த ஒரு சொல் எல்லாவற்றையும் மாற்றியது. மறு ஆண்டு முதல் பலகாரம் கொடுப்பதில்லை. பலகாரம் செய்யும் பொருளைக் கொடுக்கிறோம். பச்சரிசி, உளுந்து, சிறுபயறு, கருப்பட்டி, இரண்டு லிட்டர் எண்ணெய், தேங்காய், சிறிது ஏலமும் சுக்கும். விழாவுக்குப் பத்து நாள் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும். அரிசியை ஊறவைத்து இடிக்கவும், முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுக்கவும், அதிரச மாவு புளிக்கவும் நாள் வேண்டுமே. முறுக்குப் பிழியும் அன்று அவ்வீட்டுக் குழந்தைகள் அடுப்பைச் சுற்றி நிற்கும், உடைந்ததைத் தின்னும், அடுத்த வீட்டுக் குழந்தை வாசம் பிடித்து வரும். தம் வீட்டில் பண்டிகை வந்திருக்கிறது என்று குழந்தைக்குத் தெரிவது அப்பொழுதுதான்.

இதில் இன்னொன்று இருப்பதை நாம் மெல்லத்தான் உணர்ந்தோம். நம் தெருக்களில் தீபாவளிக்கு இந்து வீடுகளிலிருந்து தட்டு வரும்; நோன்புப் பெருநாளுக்கு இசுலாமியர் வீட்டுத் தூக்குச்சட்டி வரும்; கிறிஸ்து பிறப்புக்கு நம் தட்டுகள் போகும். வந்த தட்டை வெறுமையாய்த் திருப்புவது வழக்கமன்று. பையோடு சென்ற பெண்களில் ஒருவர் சொன்ன செய்தி இது: ஒரு வீட்டுக்காரம்மா தீபாவளியன்று கதவைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளோடு நாள் முழுதும் கடற்கரையில் இருந்தாராம். ஊருக்குப் போயிருந்தோம் என்று பிறகு சொன்னாராம். தட்டு வந்தால் டிசம்பரில் திருப்ப வேண்டுமே, அதற்கு வழியில்லையே என்னும் அச்சம். விளக்கணைத்த வீட்டுக்கும் கடற்கரைக்குப் போன வீட்டுக்கும் காரணம் ஒன்றே. வாங்க இயலாமை மட்டும் அன்று, கொடுக்க இயலாமையே அவர்களை ஒளியச் செய்தது.

அந்த ஆண்டு அவ்வீட்டிலிருந்து ஐந்து தட்டுகள் புறப்பட்டன. வாழையிலைத் துண்டால் மூடி, மூத்த பெண்பிள்ளை சுமந்து போனாள். எதிர் வீட்டு மதினி, "உங்கள் அம்மா கை முறுக்கு மாதிரி வராது" என்று சொல்லி வாங்கிக்கொண்டதை நாம் கேட்டோம். அரிசி எங்கிருந்து வந்ததென்று அந்த மதினிக்குத் தெரியும். அவரே பை கொண்டுபோன இருவரில் ஒருவர்.

துணி விஷயத்தில் அவ்வளவு எளிதாக வழி பிறக்கவில்லை. அளவெடுத்தால் தெரிந்துவிடும், நாமே எடுத்தால் பொருந்தாது. துணிக்கடைக்காரர் ஒருவரிடம் முன்பணம் கட்டி, தாய்மார் தாமே போய் எல்லாரையும் போலத் தேர்ந்தெடுக்க ஏற்பாடு செய்தோம். இரண்டாண்டு நன்றாய் நடந்தது. மூன்றாம் ஆண்டு புதிதாய்ச் சேர்ந்த கடைப் பையன், "இது கோவில் கணக்குத்தானே?" என்று உரக்கக் கேட்டுவிட்டான். அன்று முதல் உறையில் பணமாகவே கொடுக்கிறோம்.

பணமாய்க் கொடுத்தால் குடிக்குப் போய்விடும் என்று சொன்னவர்கள் உண்டு. போகவில்லை என்று நாம் பொய் சொல்லப் போவதில்லை. நாம் அறிய இரண்டு வீட்டில் போயிற்று. ஒரு வீட்டில் எண்ணெயையே விற்றுக் குடித்தார் குடும்பத் தலைவர். அவ்வீட்டுக்கு மறு ஆண்டு பாட்டியின் கையில் கொடுத்தோம், அவ்வளவே. குடிப்பவர் வீட்டுக் குழந்தைக்கும் முறுக்கு வேண்டும். கத்தோலிக்கர்க்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்றும் ஒரு கேள்வி எழுந்தது. அண்ணாச்சியின் பணத்தை வாங்கிக்கொண்டு அக்கேள்வியைக் கேட்பது எப்படி என்று பங்குத் தந்தை திருப்பிக் கேட்டார். பேச்சு அதோடு நின்றது.

நாம் மனக்குறையோடு எழுத வேண்டியதும் ஒன்றுண்டு. டிசம்பரில் இருவர் இருவராய்ப் போகிறவர்களில் பாதிப் பேர்தான் சனவரியிலும் போகிறார்கள். பண்டிகை ஆர்வம் பொங்கலோடு தணிந்துவிடுகிறது. பிப்ரவரியில் பிள்ளையின் காய்ச்சலுக்கும், மே மாதத்தில் பள்ளிக் கட்டணத்துக்கும் கதவைத் தட்டுகிறவர் குறைவு. அந்த முதியவர் இருந்தவரை எல்லா மாதமும் டிசம்பராகவே நடந்துகொண்டார். அவர் சைக்கிளை இப்பொழுது அவர் பேரன் வைத்திருக்கிறான்.

2023ஆம் ஆண்டு டிசம்பரைத் தென்மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். டிசம்பர் 17, 18 நாட்களில் கொட்டிய மழை தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்தது. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, சுமார் 800 பயணியர் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். மீட்புப் படையினர் சென்று சேருமுன் அண்டையிலிருந்த சிற்றூர் மக்கள் தம் வீட்டுப் பண்டங்களைத் திரட்டிச் சமைத்து அவர்களுக்கு உணவளித்தனர். தாமே வெள்ளத்தில் இருந்தவர்கள் அவர்கள்.

நம் ஊரில் பைகள் அதற்கு முந்திய இரண்டு நாட்களில்தான் வீடு போய்ச் சேர்ந்திருந்தன. கோவிலைச் சுற்றிய பகுதி தாழ்வானது. ஓரளவு வசதியுள்ள வீடுகள் இருப்பதும் அங்கேதான். நம் வீட்டில் முழங்காலளவு நீர். அரிசிப் பானை மிதந்தது. எரிவாயு உருளை சாய்ந்து கிடந்தது. மின்சாரம் இல்லை, கைப்பேசி இல்லை. உப்பளத் தொழிலாளர் வாழும் மேட்டுத் தெருவில் மட்டும் நீர் ஏறவில்லை. இடுப்பளவு நீரில் குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அங்கே போனோம்.

தெருவில் செங்கல் அடுக்கி அடுப்பு மூட்டியிருந்தார்கள். கோவில் அண்டாவை யாரோ மிதக்கவிட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். பலகாரத்துக்கென்று நாம் கொடுத்த பச்சரிசியும் சிறுபயறும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்து அந்த அண்டாவில் விழுந்தன. தேங்காய் துருவினார்கள். முறுக்குக்கென வைத்திருந்த எண்ணெயில் தாளித்தார்கள். கஞ்சியாகவும் இல்லாமல் பொங்கலாகவும் இல்லாமல் ஒன்று வெந்தது. மூன்று நாள் அந்தத் தெரு எங்களுக்குச் சோறு போட்டது. பெட்டிக்கடை அண்ணாச்சிக்கும் போட்டது. வரிசையில் நாமும் தட்டேந்தி நின்றோம். அகப்பை பிடித்திருந்தவர்களில் ஒருவர், பதினேழு ஆண்டுகளுக்கு முன் நாம் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து வந்த வீட்டுக்காரர். நரை விழுந்திருந்தது. நம் பெயரை அவர் அழைக்கவில்லை. தட்டில் இரண்டு அகப்பை ஊற்றி, "சூடாயிருக்கு ஐயா, மெதுவாச் சாப்பிடுங்க" என்றார்.

அவ்வாண்டு நள்ளிரவுத் திருப்பலி சேறு வழித்த கோவிலில் நடந்தது. குடிலுக்கு வைக்கோல் கிடைக்கவில்லை. சாக்கை விரித்துப் பாலன் சுரூபத்தை வைத்தோம். புத்தாடை உடுத்தியவர் யாரென்று பார்க்கும் பழக்கமும் அன்று இல்லை. எல்லாருக்கும் ஒரே ஈரத்துணிதான். பலகாரம் எந்த வீட்டிலும் இல்லை.

2024 டிசம்பரில் இளைஞர்கள் மீண்டும் மேளத்தோடு புறப்பட்டார்கள். உண்டியலை இப்பொழுது பவனியில் கொண்டுபோவதில்லை; ஞாயிறன்று கோவில் வாசலில் வைத்துவிடுகிறோம், இடுவோர் இடட்டும் என்று. வசூல் சற்றுக் குறைந்தது என்பது உண்மை. மேட்டுத் தெருவில் பாட்டு முடிந்ததும் வீடு தோறும் தட்டு நீட்டினார்கள். தாத்தா வேடமிட்ட இளைஞன் தாடியைத் தூக்கிக்கொண்டு அதிரசம் தின்றான். சிறுவர்கள் அவனைப் பின்தொடர்ந்து ஓடினார்கள்.

தெருக்கோடியில், அண்மையில் குடிவந்த ஒரு வீட்டில் மட்டும் மேளம் நெருங்கியதும் விளக்கணைந்தது. குழு வாசலில் நில்லாமல், மேளத்தையும் தணித்துக்கொண்டு, நடந்து போயிற்று. மறுநாள் மாலை இருட்டியபின் இரண்டு பெண்கள் அந்த வீட்டுப் பின்பக்கமாய்ப் போனார்கள்.